மனித டி செல்களை ஃப்ளோ சைட்டோமீட்டரில் அடையாளம் காண: ஆன்டிபாடி வாங்குவதிலிருந்து கேட் போடுவது வரை

பெங்களூர் ஆய்வுக்கூடங்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் தமிழ்நாட்டிலிருந்து நிறைய பேர் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஆக வந்து சேர்கிறார்கள். சிடி4, சிடி8 என்ற டி செல் மேற்பரப்புப் புரதங்களைப் பற்றி பாடத்தில் படித்திருப்பார்கள். பிப்பெட் பிடிக்கும் கையும் நன்றாகவே இருக்கும். தடுமாற்றம் வருவது வேலையின் வரிசையில். ஆன்டிபாடி வந்த மறுநாளே ரத்தம் எடுத்து, ஸ்டெயின் போட்டு (சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை செல்லில் ஒட்டவைத்து), ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அந்தச் சாயங்களின் ஒளியை அளக்கும் மெஷினில், ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தத் தரவை அப்புறம் எதற்கும் பயன்படுத்த முடிவதில்லை. ரத்தம் கொடுத்தவரின் நேரமும் வீண், விலை உயர்ந்த ஆன்டிபாடியும் வீண். அது நடக்காமல் இருக்க, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"டி செல்களைப் பார்க்கணும்" என்றால் எதையும் வாங்க முடியாது. "ரத்தத்தில் உள்ள சிடி4, சிடி8 டி செல்களில் நாயீவ் எவ்வளவு, மெமரி எவ்வளவு?" என்று எழுதினால் மார்க்கர் (செல்லை அடையாளம் காட்டும் புரதம்) பட்டியல் தானாகவே வந்துவிடும். நாயீவ் என்பது தன் எதிரியை இன்னும் சந்திக்காத செல், மெமரி என்பது சந்தித்து நினைவில் வைத்திருக்கும் செல். இந்தக் கேள்வியையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

இதற்குத் தேவை சிடி3, சிடி4, சிடி8, சிடி45ஆர்ஏ, சிசிஆர்7. கடைசி இரண்டும் சேர்ந்து நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டும். இரண்டும் இருந்தால் நாயீவ். சிசிஆர்7 மட்டும் இருந்தால் சென்ட்ரல் மெமரி. இரண்டும் இல்லையென்றால் எஃபெக்டர் மெமரி. சிடி45ஆர்ஏ மட்டும் இருந்தால் டெம்ரா, அதாவது சிடி45ஆர்ஏ-வை மீண்டும் தாங்கும் எஃபெக்டர் மெமரி.

சிடி4-ஐயும் சிடி8-ஐயும் பார்த்தாலே போதாதா, சிடி3 எதற்கு என்று பலர் கேட்பார்கள். மோனோசைட்டுகள் சிடி4-ஐ மங்கலாகத் தாங்கியிருக்கும். என்கே செல்களில் ஒரு பகுதி சிடி8-ஐ மங்கலாகத் தாங்கியிருக்கும். சிடி3 இல்லாமல் எண்ணினால் இவையெல்லாம் டி செல் கணக்கில் சேர்ந்துவிடும்.

இருக்க வேண்டியதைப் போலவே இருக்கக் கூடாததையும் பட்டியலில் எழுதுங்கள்: மோனோசைட்டுக்கு சிடி14, பி செல்லுக்கு சிடி19, இறந்த செல்லுக்கு ஒரு சாயம். மூன்றையும் ஒரே சேனலில் (மெஷின் ஒரு நிற ஒளியை அளக்கும் இடம்) போட்டு, அந்தச் சேனலில் ஒளிர்வதை எல்லாம் தள்ளிவிடலாம். இதை டம்ப் சேனல் என்பார்கள்.

டி-ரெக் செல்கள் (நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் டி செல்கள்) வேண்டுமென்றால் சிடி25, சிடி127, ஃபாக்ஸ்பி3 தேவை. ஃபாக்ஸ்பி3 நியூக்ளியஸுக்குள் இருப்பதால் செல்லை ஃபிக்ஸ் செய்து (வேதிப்பொருளால் உறுதிப்படுத்தி) துளையிட வேண்டும். அதை இந்த முதல் பேனலோடு (மார்க்கர், சாயத் தொகுப்போடு) சேர்க்காதீர்கள், தனியாகச் செய்யுங்கள்.

2. அனுமதியும் தடுப்பூசியும்

மனித ரத்தம் என்றால், லேப் நண்பரின் 5 மி.லி. ஆக இருந்தாலும், நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள்தான் அடிப்படை. ஒப்புதல் படிவம் கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பெங்களூரில் கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தி, உருது என்று பல மொழிகள் பேசுகிறவர்கள் வருவார்கள், ஆங்கிலப் படிவம் ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள். கமிட்டி மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதனால் இதுதான் முதலில் தொடங்க வேண்டிய வேலை.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று டோஸும் முடிக்காமல் ரத்தத்தைத் தொடாதீர்கள். வழக்கமான அட்டவணையில் முதல் டோஸிலிருந்து மூன்றாவது வரை ஆறு மாதம் ஆகும். சேர்ந்த வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

3. மெஷினைத் தெரிந்துகொண்டு பேனல் போடுங்கள்

ஆன்டிபாடி கேட்டலாகைத் திறப்பதற்கு முன்னால், நீங்கள் பயன்படுத்தப்போகும் மெஷினில் எந்த லேசர்கள், எந்த ஃபில்டர்கள் என்ற தாளை ஃபெசிலிட்டியில் கேட்டு வாங்குங்கள். வயலட் லேசர் இல்லாத மெஷினுக்காக, அந்த லேசரில் ஒளிரும் பிவி421 சாயத்தை வாங்கினால் அது ஃப்ரிட்ஜிலேயே காலாவதியாகும்.

405, 488, 640 நானோமீட்டர் என்று மூன்று லேசர்கள் உள்ள மெஷினுக்கு நான் பரிந்துரைக்கும் பேனல் இது (முதலில் மார்க்கர், அடுத்து சாயம்):

சிசிஆர்7 – பிவி421
சிடி14, சிடி19 – பிவி510, கூடவே அதே சேனலில் விழும் அக்வா வகை ஃபிக்ஸபிள் சாயம்
சிடி3 – எஃப்ஐடிசி
சிடி8 – பெர்சிபி-சை5.5
சிடி45ஆர்ஏ – பிஇ-சை7
சிடி4 – ஏபிசி

பிஇ சேனல் காலி.

செல்லில் குறைவாக இருக்கும் மார்க்கருக்கு அதிகம் ஒளிரும் சாயம், நிறைய இருக்கும் மார்க்கருக்கு மங்கலான சாயம் என்பதுதான் விதி. இந்த ஐந்தில் சிசிஆர்7 மிக மங்கலானது. அதனால்தான் பிரகாசமான பிவி421-ஐ அதற்குக் கொடுத்தேன். சிடி8 மிக நிறைய இருக்கும், பெர்சிபி-சை5.5 அதற்குத் தாராளம். சிடி3-க்கு எஃப்ஐடிசி போதும்.

அடுத்தது ஒளி வழிதல். ஒரு சாயத்தின் ஒளி பக்கத்துச் சேனலிலும் விழும். காம்பன்சேஷன் செய்தால் அதன் சராசரியைக் கழித்துவிடலாம், ஆனால் அது உண்டாக்கும் பரவலைக் கழிக்க முடியாது. ஆகவே பிரகாசமான மார்க்கர் வழியும் சேனலில் மங்கலான மார்க்கரை வைக்கக் கூடாது. எஃப்ஐடிசி ஒளி பிஇ-க்குள் வழியும். சிசிஆர்7-ஐ பிஇ-யில் வைத்திருந்தால், டி செல் ஒவ்வொன்றிலும் இருக்கும் சிடி3-எஃப்ஐடிசி அதன் மேல் விழுந்து, எது நாயீவ் எது மெமரி என்று கோடு போட முடியாமல் ஆக்கியிருக்கும். இந்தப் பேனலிலும் ஒரு பலவீனம் உண்டு. பெர்சிபி-சை5.5 ஒளி பிஇ-சை7-க்குள் வழிகிறது, அதாவது சிடி8 செல்களில் சிடி45ஆர்ஏ சற்றுப் பரந்து தெரியும். சிடி45ஆர்ஏ தெளிவாகப் பிரியும் மார்க்கர் என்பதால் இதைத் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் கட்டுப்பாட்டு ட்யூப் இல்லாமல் தாங்க முடியாது. அதை 6-ஆம் படியில் பார்ப்போம்.

மூன்றாவது, டேண்டம் சாயங்கள். பிஇ-சை7, ஏபிசி-சை7, பெர்சிபி-சை5.5 எல்லாம் இரண்டு மூலக்கூறுகளைப் பிணைத்துச் செய்தவை. ஒளி, சூடு, நீண்ட ஃபிக்சேஷன் இவற்றால் பிணைப்பு கெட்டால், முதல் சாயம் தன் சொந்தச் சேனலில் ஒளிரத் தொடங்கும். ஏபிசி-சை7 கெட்டால் ஏபிசி-யில் பொய்யாக ஒரு கூட்டம் வரும். பிஇ-சை7 கெட்டால் பிஇ-யில் வரும். இந்தப் பேனலில் பிஇ காலியாக இருப்பதால், எஃப்ஐடிசி வழிவதைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் தெரியக் கூடாது. சிடி45ஆர்ஏ செல்கள் பிஇ-யில் எட்டிப் பார்த்தால் உங்கள் பிஇ-சை7 போய்விட்டது என்று அர்த்தம். முதல் பேனலில் ஒரு சேனலை இப்படிக் காலியாக விடுவது மிக நல்ல பழக்கம்.

பதினைந்து நிறம் போட முடியும் என்பதற்காக அதில் தொடங்க வேண்டாம். இந்த ஆறு சேனல் சுத்தமாக வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. ஆர்டர் போடும்போது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. லேபிளில் "மவுஸ் ஆன்டி-ஹியூமன்" என்று இருந்தால், எலியில் உண்டாக்கப்பட்டு மனிதப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி. நமக்கு வேண்டியது அதுதான். மவுஸ் என்ற சொல்லைப் பார்த்து அதை ஒதுக்கிவிட்டு, எலி செல்லைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வாங்குகிறவர்கள் உண்டு. 145-2சி11 என்ற குளோன் (ஒரே செல் வரிசையிலிருந்து வரும் ஆன்டிபாடி) எலி சிடி3-க்கு, ஜிகே1.5 எலி சிடி4-க்கு. இரண்டும் மனித செல்லில் ஒட்டாது.

குளோன் பெயரைப் பார்த்து வாங்குங்கள். மனித செல்களில் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை: சிடி3-க்கு யூசிஹெச்டி1 அல்லது எஸ்கே7, சிடி4-க்கு எஸ்கே3 அல்லது ஆர்பிஏ-டி4, சிடி8-க்கு எஸ்கே1, சிடி45ஆர்ஏ-க்கு ஹெச்ஐ100, சிசிஆர்7-க்கு ஜி043ஹெச்7, சிடி14-க்கு எம்5இ2, சிடி19-க்கு ஹெச்ஐபி19. செல்களை ஓகேடி3 (இதுவும் ஒரு சிடி3 ஆன்டிபாடி) கொண்டு தூண்டியிருந்தால் கவனம். அதுவே சிடி3-ஐ மறைத்துக்கொள்ளும், சிடி3-உம் செல்லுக்குள் போய்விடும். அப்போது சிடி3 மங்கலாகவோ இல்லாமலோ தெரியும். பிஎம்ஏ (செல்லைத் தூண்டும் ஒரு வேதிப்பொருள்) கொண்டு தூண்டினால் சிடி4-உம் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடும். ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றவரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். பெட்டி வந்த அன்றே திறந்துவிடுங்கள். சாயம் ஏற்றிய ஆன்டிபாடி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. குறிப்பாக பிஇ, ஏபிசி, அவற்றின் டேண்டம்கள் உறைந்தால் கெடும். ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே பல ஃப்ரிட்ஜ்களில் ஐஸ் கட்டும். லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் வந்த தேதியையும் நோட்டில் எழுதிவிட்டு உள்ளே வையுங்கள்.

5. டைட்ரேஷன்

கம்பெனி "ஒரு டெஸ்ட்டுக்கு 5 மைக்ரோலிட்டர்" என்று சொல்வது பொதுவான அளவு. உங்கள் செல்லுக்கும் மெஷினுக்கும் எது சரி என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிகம் போட்டால் ஒட்டக் கூடாத இடத்திலும் ஒட்டி நெகட்டிவ் கூட்டம் மேலே ஏறும். குறைவாகப் போட்டால் பாசிட்டிவ் கூட்டம் கீழே இறங்கி, செல் எண்ணிக்கை கொஞ்சம் மாறினாலும் முடிவு மாறும். பல ஆன்டிபாடிகளுக்குச் சொன்ன அளவில் பாதியோ கால்பங்கோ போதும் என்று தெரியவரும். டைட்ரேஷனுக்குச் செலவான ஆன்டிபாடி அதிலேயே திரும்பி வந்துவிடும்.

முதல் ட்யூபில் 20 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடியும் 80 மைக்ரோலிட்டர் பஃபரும். அடுத்த ஆறு ட்யூப்களில் 50 மைக்ரோலிட்டர் பஃபர் மட்டும். முதலாவதிலிருந்து 50 எடுத்து இரண்டாவதில் கலந்து, அதிலிருந்து 50 எடுத்து மூன்றாவதில் என்று போய், கடைசி ட்யூபிலிருந்து 50-ஐ எடுத்துக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் டிப் மாற்ற வேண்டும். இப்போது ஒவ்வொரு ட்யூபிலும் 50 மைக்ரோலிட்டர், அதில் ஆன்டிபாடி 10, 5, 2.5, 1.25 என்று பாதிப் பாதியாக இறங்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் 10 லட்சம் செல்களை 50 மைக்ரோலிட்டரில் சேர்த்தால் மொத்தம் 100.

மெஷினில் ஓட்டி, ஒவ்வொரு ட்யூபுக்கும் ஸ்டெயின் இண்டெக்ஸ் கணக்கிடுங்கள். பாசிட்டிவ் மீடியனிலிருந்து நெகட்டிவ் மீடியனைக் கழித்து, நெகட்டிவின் எஸ்டி-யைப் (திட்ட விலக்கம்) போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். பாசிட்டிவ் 20,200, நெகட்டிவ் 200, எஸ்டி 100 என்று வைத்துக்கொண்டால் 20,000-ஐ 200-ஆல் வகுத்து 100. எந்த அளவில் இந்த எண் உச்சமோ அதுவே உங்கள் அளவு.

டைட்ரேஷன் செய்த அதே மொத்த அளவிலும் நேரத்திலும் வெப்பத்திலும்தான் பிறகு ஸ்டெயின் போட வேண்டும். ஆன்டிபாடியின் செறிவுதான் முக்கியம். கழுவிய பிறகு ட்யூபின் அடியில் ஒருவர் 30 மைக்ரோலிட்டர் மிச்சம் விடுகிறார், இன்னொருவர் 100 விடுகிறார் என்றால், இருவரும் ஒரே அளவு ஆன்டிபாடி போட்டாலும் செறிவு வேறு. ஆகவே ஊற்றிக் கவிழ்ப்பதை விட்டுவிட்டு பிப்பெட்டால் உறிஞ்சி எடுக்கப் பழகுங்கள். புது லாட் வந்தால், குறிப்பாக டேண்டம் என்றால், திரும்பவும் செய்ய வேண்டும்.

6. முந்தைய நாள்: ட்யூப் பட்டியல்

ரத்தம் வரும் நாளில் யோசிக்க நேரம் இருக்காது. முந்தைய நாளே பட்டியல் எழுதி, ட்யூப்களில் பெயர் எழுதி அடுக்கி வையுங்கள். ஒருவரின் ரத்தத்துக்கு:

ஸ்டெயின் போடாத செல் – 1
ஒற்றை நிறம் (ஒரு சாயம் மட்டும்) – 6
எஃப்எம்ஓ – 2
முழு ஸ்டெயின் – 1

ஒற்றை நிறத்தைக் காம்பன்சேஷன் பீட்களில் (ஆன்டிபாடி ஒட்டும் சிறு மணிகளில்) போடலாம், செல் மிச்சமாகும். மூன்று நிபந்தனைகள் உண்டு. பாசிட்டிவ் கூட்டம் உங்கள் மாதிரி அளவுக்காவது பிரகாசமாக இருக்க வேண்டும். அதோடு ஒப்பிடும் நெகட்டிவ் அதே வகையாக இருக்க வேண்டும், அதாவது பீட் பாசிட்டிவுக்கு பீட் நெகட்டிவ். சாயமும் அதே சாயம், டேண்டம் என்றால் அதே குப்பி. ஜிஎஃப்பி-யை (பச்சையாக ஒளிரும் புரதம்) வைத்து எஃப்ஐடிசி-க்குச் சரிசெய்வது, வேறு கம்பெனி பிஇ-சை7-ஐ வைத்து ஒப்பேற்றுவது எல்லாம் வேண்டாம்.

இறந்த செல் சாயம் சாதாரண பீட்களில் ஒட்டாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால், கொஞ்சம் செல்லை 65 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துக் கொன்று, உயிருள்ள செல்லோடு கலந்து சாயம் போடுங்கள். நம் பேனலில் அந்தச் சேனலில் ஒளிர்வதை எல்லாம் தள்ளப்போகிறோம் என்பதால் பிவி510 ஒற்றை நிறமே போதும்.

எஃப்எம்ஓ என்பது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் போட்ட ட்யூப். சிசிஆர்7 இல்லாத ஒன்று, சிடி45ஆர்ஏ இல்லாத ஒன்று. மற்ற சாயங்களெல்லாம் சேர்ந்து அந்தச் சேனலில் எவ்வளவு பரவலை உண்டாக்குகின்றன என்று இதில்தான் தெரியும், கோட்டை அதற்கு மேலே போடலாம். சிடி3, சிடி4, சிடி8 இரண்டு கூட்டமாகத் தெளிவாகப் பிரிவதால் அவற்றுக்கு எஃப்எம்ஓ அவசியமில்லை. ஐசோடைப் ட்யூபை (அதே வகை, ஆனால் செல்லில் எதையும் குறிவைக்காத ஆன்டிபாடி போட்டது) வைத்து கேட் போடும் (எந்தச் செல்களை எடுப்பது என்று படத்தில் எல்லை வரையும்) வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒளி வழிதலால் வரும் பரவலை அது காட்டாது. எஃப்எம்ஓ-வுக்குப் பதிலாக அதை ஏற்காதீர்கள்.

7. ரத்தமும் பிபிஎம்சி-யும்

ரத்தம் உறையாமல் காக்கும் ஹெபாரின் அல்லது இடிடிஏ ட்யூபில் 10 மி.லி. எடுங்கள். ஒரு மி.லி. ரத்தத்தில் சுமார் 10 லட்சம் பிபிஎம்சி (டி செல்கள் அடங்கிய ஒற்றைக் கரு வெள்ளணுக்கள்) கிடைக்கும், அந்தக் கணக்கில் இது போதும்.

ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள். ஓசூர் ரோடு பக்கத்து மருத்துவமனையில் எடுத்து எலகங்கா பக்கத்து லேபுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் சில்க் போர்டு நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெயிலில் நின்ற காரில் சூடாகவும் கூடாது. ஐஸ் இல்லாத தெர்மோகோல் பெட்டியே போதும், 18 முதல் 25 டிகிரிதான் தேவை. எடுத்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் கிரானுலோசைட்டுகளின் அடர்த்தி குறைந்து அவையும் பிபிஎம்சி அடுக்குக்குள் வந்து சேரும்.

ஃபைக்காலை (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே வையுங்கள். அதன் அடர்த்தி 1.077 என்பது 20 டிகிரிக்குச் சொன்னது. ரத்தத்தைச் சம அளவு பிபிஎஸ் (உப்புக் கரைசல்) கலந்து நீர்த்து, ஃபைக்கால் மேல் ட்யூபின் சுவரோரமாக மெல்ல வழியவிடுங்கள். செண்ட்ரிஃப்யூஜில் 400 ஜி, 30 நிமிடம், பிரேக் இல்லாமல். பிரேக் போட்டால் நிற்கும்போது அடுக்குகள் கலங்கிவிடும்.

இந்த 400 என்பது ஜி (புவியீர்ப்பின் மடங்கு), ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இல்லை. ரோட்டரின் ஆரம் 17 செ.மீ. என்றால் 400 ஜி-க்குச் சுமார் 1,450 ஆர்பிஎம் வேண்டும். வெறும் 400 ஆர்பிஎம்மில் சுற்றிவிட்டு அடுக்கே வரவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் மேகம் போல் நிற்கும் அடுக்கை எடுத்து 300 ஜி-யில் பத்து நிமிடம், அப்புறம் பிளேட்லெட் போக 200 ஜி-யில் பத்து நிமிடம் கழுவுங்கள். டிரிப்பான் புளூவில் (இறந்த செல்லில் ஏறும் நீலச் சாயம்) எண்ணுங்கள்.

8. ஸ்டெயின் போடுதல்

வரிசை: இறந்த செல் சாயம், எஃப்சி பிளாக், சிசிஆர்7, மற்றவை.

முதலில் செல்களை வெறும் பிபிஎஸ்ஸில் கழுவுங்கள். ஃபிக்ஸபிள் சாயம் புரதத்தின் அமீன்களோடு பிணைவது, சீரம் இருந்தால் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் இதை ஆன்டிபாடிக்கு முன்னால், சீரம் இல்லாமல் போடுகிறோம். இருட்டில் 15 நிமிடம். பிறகு 2 சதவீதம் எஃப்பிஎஸ் (மாட்டுக் கருவின் சீரம்), 2 மில்லிமோலார் இடிடிஏ கலந்த பிபிஎஸ்ஸில் கழுவுங்கள். மிச்சமிருக்கும் சாயத்தை இந்த சீரமே தீர்த்துவிடும். இனி எல்லாம் இந்தப் பஃபரில்தான்.

செல்களை 40 மைக்ரோலிட்டரில் வைத்து, மனித எஃப்சி பிளாக் சேர்த்துப் பத்து நிமிடம். மோனோசைட்டுகள் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொண்டு எல்லா நிறத்திலும் ஒளிர்வதை இது குறைக்கும். பிளாக்கைக் கழுவ வேண்டாம், மேலேயே தொடரலாம்.

சிசிஆர்7-ஐ மட்டும் முதலில் போட்டு 37 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். இந்த ரிசெப்டர் மேற்பரப்புக்கும் உள்ளேயும் போய்வந்துகொண்டே இருப்பது. குளிரில் ஸ்டெயின் போட்டால் அந்த நேரத்தில் வெளியே இருப்பது மட்டும் பிடிபடும், கூட்டம் பிரியாது. சிசிஆர்7-இன் டைட்ரேஷனையும் இதே 40 மைக்ரோலிட்டரில் 37 டிகிரியில்தான் செய்திருக்க வேண்டும். சிசிஆர்7 எஃப்எம்ஓ ட்யூபும் ஆன்டிபாடி இல்லாமலேயே இந்தச் சூட்டைக் கடக்க வேண்டும்.

மற்ற ஆன்டிபாடிகளை ஒரே காக்டெயிலாகக் கலந்து, ட்யூபுக்கு 60 மைக்ரோலிட்டர் சேருங்கள். அதில் 50 பிரில்லியன்ட் ஸ்டெயின் பஃபர். பிவி421-உம் பிவி510-உம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொய்யான மூலைவிட்டக் கூட்டம் காட்டுவதை அது தடுக்கும். காக்டெயிலில் சேரும் ஒவ்வொரு குப்பியையும் திறக்கும் முன் செண்ட்ரிஃப்யூஜில் ஒருமுறை சுற்றுங்கள், திரண்டவை அடியில் படியும். மேலிருந்து மட்டும் எடுங்கள். சேர்த்ததும் பட்டியலில் டிக் அடியுங்கள். தெளிவான திரவத்தில் எதைப் போட்டோம் எதை விட்டோம் என்று கண்ணால் தெரியாது.

அறை வெப்பத்தில் இருட்டில் 20 நிமிடம். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய குழப்பம் தரும். செல் ஊற்றும்போது ட்யூபின் மேல் சுவரில் ஒரு துளி ஒட்டி நின்றால் அந்த செல்கள் ஆன்டிபாடியையே பார்ப்பதில்லை. கழுவும்போது கீழே வந்து சேர்ந்து, எல்லாவற்றிலும் நெகட்டிவ் ஆன ஒரு சிறு கூட்டமாகத் தெரியும். புது வகை செல் என்று நினைத்துவிடுவார்கள். பிப்பெட் நுனியை அடிக்கு அருகில் கொண்டுபோய் விடுங்கள்.

இருமுறை கழுவி 300 மைக்ரோலிட்டர் பஃபரில் கலக்குங்கள். அன்றே ஓட்ட முடியாவிட்டால் 1 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து, 4 டிகிரியில் இருட்டில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஓட்டுங்கள். ஒற்றை நிற ட்யூப்களையும் அதேபோல ஃபிக்ஸ் செய்ய வேண்டும், இல்லையென்றால் காம்பன்சேஷன் பொருந்தாது. மெத்தனால் பக்கம் போகாதீர்கள், பிஇ, ஏபிசி போன்ற புரதச் சாயங்கள் அதில் அழிந்துவிடும்.

9. மெஷினில்

லேசர் சூடாகி நிலைபெற அரை மணி நேரமாவது ஆகும். அன்றைய க்யூசி (தரச் சோதனை) பீட் ஓட்டியாயிற்றா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். செல்களை 35 அல்லது 40 மைக்ரான் வலை வழியே வடிகட்டுங்கள். மெஷின் அடைத்தால் உங்களுக்குப் பின்னால் புக் செய்தவரின் நாளும் போகும்.

வோல்டேஜை (டிடெக்டரின் உணர்திறனை) முழு ஸ்டெயின் ட்யூபிலும் ஸ்டெயின் இல்லாத ட்யூபிலும் பார்த்து முடிவு செய்யுங்கள். அதன்பின் ஒற்றை நிறங்கள், காம்பன்சேஷன், எஃப்எம்ஓ, கடைசியில் மாதிரி. காம்பன்சேஷனுக்குப் பிறகு வோல்டேஜைத் தொட்டால் ஒற்றை நிறங்களை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

எத்தனை செல் பதிவு செய்வது? உங்கள் மிகச் சிறிய கூட்டத்தில் 400 செல் இருந்தால் எண்ணும் பிழை 5 சதவீதம், 100 இருந்தால் 10 சதவீதம். அந்தக் கூட்டம் உயிருள்ள லிம்போசைட்டில் 1 சதவீதம் என்றால் 40,000 லிம்போசைட் வேண்டும். கழிவுகளையும் சேர்த்து மொத்தம் 1,00,000 பதிவு செய்தால் பாதுகாப்பு. வேகத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் இரண்டு செல் சேர்ந்து போவது அதிகமாகும்.

10. கேட் போடும் வரிசை

முதலில் நேரத்துக்கு எதிராக ஒரு நிறத்தை வைத்து, ஓட்டம் தடுமாறிய பகுதியை வெட்டுங்கள். பிறகு எஃப்எஸ்சி (செல்லின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல்) ஏரியாவுக்கு எதிராக ஹைட் வைத்து ஒற்றை செல்கள். பிறகு எஃப்எஸ்சி, எஸ்எஸ்சி-யில் (செல்லின் உள் துகள்களைக் காட்டும் ஒளிச்சிதறல்) லிம்போசைட். இந்தக் கேட்டை இறுக்கிப் போடாதீர்கள், தூண்டப்பட்ட டி செல் பெரிதாக இருக்கும், வெளியே போய்விடும். அப்புறம் டம்ப் நெகட்டிவ், சிடி3 பாசிட்டிவ், சிடி4-க்கு எதிராக சிடி8, கடைசியில் ஒவ்வொன்றிலும் சிடி45ஆர்ஏ-வுக்கு எதிராக சிசிஆர்7.

திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு ஜூனியர் ஒருநாள் கூப்பிட்டாள். "அக்கா, இந்த டோனருக்கு சிடி4, சிடி8 ரெண்டும் பாசிட்டிவ் நிறைய இருக்கு. இதை எழுதலாமா?" ஒற்றை செல் கேட் போட்டாயா என்று கேட்டேன், போடவில்லை. போட்டதும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி மறைந்தது. ஒரு சிடி4 செல்லும் ஒரு சிடி8 செல்லும் ஒட்டிக்கொண்டு லேசரைக் கடந்தவைதான் அவை. அதன்பிறகும் மிச்சமிருந்த சிறு கூட்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் இரட்டை பாசிட்டிவ் டி செல் கொஞ்சம் உண்டு.

சிடி3 இருந்து சிடி4-உம் சிடி8-உம் இல்லாத செல்களை ஸ்டெயின் தோல்வி என்று தள்ளிவிடாதீர்கள். காமா-டெல்டா டி செல்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கும். சிடி3 இல்லாமல் சிடி8 மங்கலாக இருப்பவை என்கே செல்கள்.

முடிவைப் பார்த்து ஒரு சோதனை செய்யுங்கள். ஆரோக்கியமான பெரியவரின் ரத்த லிம்போசைட்டுகளில் பெரும்பகுதி டி செல்லாகவும், பொதுவாக சிடி8-ஐவிட சிடி4 கூடுதலாகவும் இருக்கும். சிடி4-உம் சிடி8-உம் சேர்ந்து சிடி3-இல் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும். அப்படி இல்லையென்றால், நோயைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் டைட்ரேஷனையும் காம்பன்சேஷனையும் திரும்பிப் பாருங்கள்.

11. கழிவும் பதிவும்

ஊசி வெள்ளைக் கொள்கலனில், ரத்தம் பட்ட பிளாஸ்டிக்கும் கையுறையும் சிவப்புப் பையில், ரத்தம் ஊறிய பஞ்சும் துணியும் மஞ்சள் பையில். 2016-ன் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் இப்படித்தான் சொல்கின்றன.

கிளம்பும் முன் மூல ஃபைல்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள். கேட் போட்ட படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் பிறகு எதையும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு ஆன்டிபாடியின் குளோன், சாயம், லாட் எண், போட்ட அளவு, மெஷினின் வோல்டேஜ், ரத்தம் எடுத்த நேரம், ஸ்டெயின் போட்ட நேரம் இவற்றை அன்றே நோட்டில் எழுதுங்கள். டோனரின் பெயரை ஃபைல் பெயரில் எழுதாதீர்கள், எத்திக்ஸ் படிவத்தில் உள்ள குறியீட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள்.